பொடி மீன் என்று மொத்தமாகக் கொடுக்காதீர்கள்!

(மீன்பாசி குத்தகை எடுத்திருக்கும் குழுக்களுக்காகக் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த பயிற்சி நாளில், கண்மாய் மீன் விற்பனை செய்துவரும் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



குஞ்சு விடுவது, தீவனம், வரவு செலவுக் கணக்கு எல்லாம் மதியத்துக்கு மேல் சொல்லித் தருவாங்க. நான் ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன். வலையை இழுத்துக் கரையில் கொட்டியதும், அந்தக் குவியலில் எது எந்த மீன் என்று நமக்குப் பார்த்த உடனே தெரியணும். அவ்வளவுதான்.

"பிறந்ததிலிருந்து கண்மாய் மீன் திங்கிறோம், இதை இவ சொல்லித்தான் தெரியணுமா?" என்று பின்னாடி உட்கார்ந்திருக்கிற அக்கா முணுமுணுக்கிறது கேட்குது. குழம்பு வைக்கிற இடத்தில் நமக்குத் தெரியும்க்கா. விற்கிற இடத்தில்தான் வாயை மூடிக்கிறோம். வியாபாரி வர்றார். கட்லா, ரோகு எல்லாம் தனியா எடுத்துத் தராசில் போடுறார். மிச்சம் கிடக்கிறதைக் காலால் தள்ளி, "இதெல்லாம் பொடி" என்கிறார். பொடிக்கு ஒரே விலை. நாமும் தலையாட்டிட்டு கூடையைத் தூக்கி விடுறோம்.

அந்தப் பொடிக்குள்ளே என்ன கிடக்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். இது கணக்குக்காக மட்டும் சொல்றது. 20 கிலோ பொடி, கிலோ 60 ரூபாய் என்று கொடுத்தா 1,200 ரூபாய். அதே குவியலைப் பிரிக்கிறோம். 2 கிலோ அயிரை, கிலோ 800 என்று வையுங்க, 1,600. உயிரோடு இருக்கிற குரவை 4 கிலோ, 200 மேனிக்கு 800. உளுவை 3 கிலோ, 150 மேனிக்கு 450. மீதி 11 கிலோ கெண்டையும் மத்ததும் அதே 60 ரூபாய்க்குப் போனா 660. கூட்டுங்க. 3,510 வருது. ஒரு மணி நேரம் நாலு பேர் உட்கார்ந்து பிரிச்ச கூலி 2,310 ரூபாய்.

நாம குத்தகைப் பணம் கட்டினது நம்ம சேமிப்பிலிருந்தும் சங்கக் கடனிலிருந்தும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனோட முடியுது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, குஞ்சு விட்டு, பங்குனி சித்திரையில் தண்ணி வத்தும்போதுதான் மீன் எடுக்கிறோம். கையில் காசு வர்ற நாள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நாளில் காலால் தள்ளின குவியலில் நம்ம தவணைப் பணம் கிடக்கு.

பேரை நம்பாதீங்க

மீன் அடையாளம் என்றதும் பேர் சொல்ல ஆரம்பிச்சுடுவோம். அதில்தான் குழப்பம். ஒரு கரையில் சொல்ற பேர் அடுத்த கரையில் வேற மீனுக்கு இருக்கும். வ்ரால் என்பாங்க, வெரா என்பாங்க, விரால் என்பாங்க. கெண்டை என்கிற பேரில் எத்தனை மீன் இருக்கு! பொட்டுக் கெண்டை, சாதாக் கெண்டை, வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, பனையேறிக் கெண்டை, ஜிலேபிக் கெண்டை. இதில் கடைசி ரெண்டும் கெண்டை இனமே இல்லை. வியாபாரி சொல்ற பேர் அவருக்குத் தோதான பேராத்தான் இருக்கும்.

அதனால நாலு இடத்தைப் பாருங்க. வாய் மேலே பார்த்திருக்கா, கீழே பார்த்திருக்கா. மீசை இருக்கா, எத்தனை. முதுகுத் துடுப்பு குட்டையா, நீளமா, அதில் முள் இருக்கா. உடம்பில் செதில் இருக்கா, வழவழன்னு இருக்கா. இந்த நாலும் எந்த ஊருக்குப் போனாலும் மாறாது.

முதலில் நாம காசு கொடுத்து வாங்கி விடுற மீன். கட்லாவுக்குத் தலை பெரிசு, வாய் மேல்நோக்கித் திறக்கும். அது மேல்தண்ணியில் மேயுது, வாய் அப்படித்தானே இருக்கணும். ரோகுவுக்குத் தலை சிறுசு, உதடு தடிச்சு ஓரத்தில் குஞ்சம் வச்ச மாதிரி இருக்கும். நடுத்தண்ணியில் மேயும். மிர்கால் அடித்தண்ணி மீன். உடம்பு நீளம், வாய் கீழே, உதடு மெல்லிசு. ஒரே தண்ணியில் மூணும் சண்டை இல்லாமல் வளர்றதுக்கு இதுதான் காரணம். பத்துக் குஞ்சுக்கு நாலு கட்லா, மூணு ரோகு, மூணு மிர்கால் என்று விடச் சொல்றதும் இதனால்தான். சாதாக் கெண்டைக்கு வாய் ஓரத்தில் ரெண்டு ஜோடி மீசை, முதுகுத் துடுப்பு நீளம். வெள்ளிக் கெண்டைக்குச் செதில் ரொம்பப் பொடிசு, வயித்து ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் நம்ம கண்மாயில் நின்ன தண்ணியில் முட்டையிட்டுப் பெருகாது. ஆத்துல வெள்ளம் ஓடும்போது முட்டையிடுற மீன் இது. 1957-ல் ஒரிசாவில் ஹிராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி, ஊசி போட்டு இந்த மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வச்சுக் காட்டினார். அதுக்கு அப்புறம்தான் பண்ணையில் குஞ்சு பொரிச்சு விற்கிறது நாடெங்கும் பரவியது. ஆக, ஒவ்வொரு வருசமும் நாம குஞ்சு வாங்கித்தான் ஆகணும். வாங்குற இடத்தில் ஏமாறாமல் இருக்கணும்.

குஞ்சு வாங்கும்போது பாலித்தீன் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துட்டு, "நல்லா ஓடுது" என்று சொல்லி வாங்கிடக் கூடாது. ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு கை அள்ளி ஊத்துங்க. விரல் அளவுக் குஞ்சிலேயே அடையாளம் தெரியும். தலை பெருத்து, வால் அடியில் கறுப்புப் பொட்டு இல்லாதது கட்லா. வால் அடியில் பட்டை மாதிரி கறுப்பு ஓடினால் ரோகு. அதே இடத்தில் வைரக்கல் மாதிரி நாலு மூலைப் பொட்டு இருந்தால் மிர்கால். முதுகெல்லாம் முள் துடுப்போட ஒண்ணு நின்னா அது ஜிலேபி. மீசையோட வழவழன்னு ஒண்ணு கிடந்தா அந்தப் பையையே வேண்டாம் என்று சொல்லுங்க.

ஜிலேபியும் செல்லக்காசும்

ஜிலேபியை எல்லாருக்கும் தெரியும். திலாப்பியா என்று படிச்சவங்க சொல்றது இதைத்தான். இது நம்ம ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வச்சு அடைகாக்கும். குஞ்சு பொரிச்ச பிறகும் ஆபத்து என்றால் வாய்க்குள்ளே அள்ளிக்கும். பிள்ளை வளர்க்கிறதில் கெட்டிக்காரி என்று சொல்லலாம். அதனாலதான் இத்தனை பெருகிப் போச்சு. கூட்டம் அதிகமாகிட்டா ஒண்ணும் பெருக்காது, உள்ளங்கை அளவிலேயே நின்னுடும், கட்லாவுக்கும் ரோகுவுக்கும் போக வேண்டிய இரையையும் தின்னுடும். நான் ஜிலேபியைக் குறை சொல்லலை. கையில் காசு குறைவா இருக்கிற வீட்டில் வாரம் ஒரு நாள் மீன் வாசம் வருதுன்னா பல ஊரில் அது ஜிலேபி புண்ணியம். ஆனா குஞ்சோடு குஞ்சா அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஜிலேபிக் குஞ்சு என்று நினைச்சு நாம தூக்கி எறியுற இன்னொரு மீன் இருக்கு. சில பக்கம் அதைச் செல்லக்காசு என்பாங்க. காசு மாதிரி வட்டமா, தட்டையா, மஞ்சளா இருக்கும், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. இது நம்ம நாட்டு மீன். பெருசே ஒரு விரல் நீளம்தான். சந்தேகம் வந்தா அடிப்பக்கத்தில், வாலுக்கு முன்னாடி இருக்கிற துடுப்பைத் தடவிப் பாருங்க. ஜிலேபிக்கு அதில் மூணு முள் இருக்கும். செல்லக்காசுக்குப் பத்துக்கு மேல இருக்கும். எண்ணெயில் பொரிச்சா முள்ளோட மென்னு திங்கலாம்.

பொடிக்குள்ளே இருக்கிற பணம்

"அயிரையை விட்டு விராலைப் பிடிக்கிறது" என்று பழமொழி உண்டு. சின்னதைக் கொடுத்துப் பெருசை வாங்குறது என்று அர்த்தம். மதுரைப் பக்கம் இன்னைக்கு அயிரை விலையைக் கேட்டுட்டு வந்தா அந்தப் பழமொழியைத் திருப்பித்தான் சொல்லணும். அயிரை விரல் நீளம்தான் இருக்கும். உருண்டை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புத் திட்டு, வாயைச் சுத்திப் பொடி மீசை, கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முள். மணல் அடியில் புதைஞ்சு கிடக்கும். இதோட கெண்டைக் குஞ்சைக் கலந்து அயிரை என்று தர்றவங்களும் உண்டு. கெண்டைக் குஞ்சு தட்டையா வெள்ளியா மினுங்கும், செதில் கையில் ஒட்டும். அயிரையைத் தடவினா செதில் இருக்கிறதே தெரியாது. அயிரையை உயிரோடு வச்சிருந்தாத்தான் விலை. வாய் அகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணி ஊத்தி, நிழலில் வைங்க. தண்ணியை மாத்திக்கிட்டே இருந்தா வயித்து மண்ணையும் கக்கிடும், வாங்குறவங்களுக்கும் கழுவுற வேலை மிச்சம்.

உளுவைக்கு முதுகில் ரெண்டு துடுப்பு தனித்தனியா இருக்கும். தலை தட்டை, மணல் நிறம். கவிழ்த்துப் பார்த்தா நெஞ்சுக்குக் கீழே ரெண்டு துடுப்பும் ஒட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஆராலைப் பாம்புன்னு நினைச்சுப் பயப்பட வேண்டாம். மூக்கு நீண்டு கூர்மையா இருக்கும், முதுகில் வரிசையா பொடி முள். பொட்டுக் கெண்டைக்கு வால் அடியில் கறுப்புப் பொட்டு. பனையேறிக்குச் செவுள் மூடி ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், கையைக் கிழிச்சுடும், துணி போட்டுப் பிடிங்க.

விராலையும் குரவையையும் நல்லாப் பாருங்க, ஏன்னா இதில்தான் விலை வித்தியாசம் அதிகம். ரெண்டுக்கும் பாம்புத் தலை. ரெண்டுக்கும் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் நீளமா, முள் இல்லாமல் இருக்கும். விரால் நீண்டு வளரும், விலாவிலிருந்து வயித்துப் பக்கமா சாய்வா கறுப்புக் கீற்று இறங்கும், வயிறு வெளுப்பு. குரவை குட்டை, ஒரு சாண் என்றால் அது பெரிய குரவை. உடம்பில் மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. சந்தையில் குரவையை விரால் குஞ்சு என்று விற்கிறாங்க. கண்மாய்க் கரையில் விரால் குஞ்சைக் குரவை என்று சொல்லி வாங்குறாங்க. ரெண்டு பக்கமும் ஆதாயம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

விரால், குரவை, தேளி, பனையேறி நாலும் காத்தை நேரா மூச்சு விடுற மீன். கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், மணிக்கணக்கா உயிரோடு கிடக்கும். ஐஸ் செலவு கிடையாது. அண்டாவில் மூழ்குற அளவு தண்ணி, மேலே வலைத்துணி கட்டி மூடி வைங்க, இல்லாட்டித் துள்ளி ஓடிடும். பிடிச்ச அன்னைக்கே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டிய அவசரம் இந்த நாலுக்கும் இல்லை. மறுநாள் காலைச் சந்தை வரைக்கும் காத்திருக்கலாம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். மழைக்காலத்தில் கரையோரம் செக்கச்செவேல்னு பொடிக் குஞ்சு கூட்டமா மேல வந்து வந்து போறதைப் பார்த்திருப்பீங்க. அது விரால் குஞ்சு. கீழே தாயும் தகப்பனும் காவல் நிக்கும். தூண்டில் போடுற பையங்க அந்தக் காவல் மீனைக் குறி வச்சுப் பிடிப்பாங்க. ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே போயிடும். குத்தகை நம்மோடது, கரையில் நிக்கிற உரிமையும் நம்மோடது. நம்ம வீட்டுப் பையனா இருந்தாலும் "வேண்டாம்டா" என்று சொல்லணும்.

மீசை வச்சதெல்லாம் கெளுத்தி இல்லை

இதில் பணத்தோட சட்டமும் இருக்கு. நாட்டுக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு குட்டை, அதில் கூர் முள். அதுக்குப் பின்னாடி வால் பக்கமா எலும்பே இல்லாமல் சதை மாதிரி இன்னொரு சின்னத் துடுப்பு. தேளிக்கு முதுகில் ஒரு சின்னக் கொத்து மாதிரி மட்டும்தான் துடுப்பு, உடம்பு கறுத்து நீண்டு இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலைக்குப் பின்னாடி தொடங்கி வால் வரைக்கும் ஒரே நீளத் துடுப்பு, அதில் முள் கிடையாது. தலை பலகை மாதிரி அகலமா தட்டையா இருக்கும், உடம்பில் சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி திட்டுத் திட்டா இருக்கும். கிலோக் கணக்கில் பெருக்கும். நாட்டு மீனிலும் இதே மாதிரி நீளத் துடுப்பு உள்ள ஒண்ணு உண்டு, ஆனா அது சிறுசு, இப்போ அபூர்வம். சந்தேகம் வந்தா மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்க.

இந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது, இருக்கிறதை அழிக்கணும் என்று 1997-லேயே மத்திய வேளாண் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மழைக்கு ஒரு குளத்திலிருந்து தப்பிச்சா அடுத்த கண்மாய்க்குப் போயிடும். போன இடத்தில் நம்ம அயிரை, கெண்டை, விடுற குஞ்சு எல்லாத்தையும் தின்னு தீர்க்கும். "சீக்கிரம் வளரும், கோழிக்கழிவு போட்டாலே போதும்" என்று ஆசை காட்டி யாராவது குஞ்சு கொண்டு வந்தா குழுக் கூட்டத்தில் வச்சுப் பேசி, வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிடுங்க. அதிகாரிங்க வந்து அழிச்சா போட்ட பணம் திரும்ப வராது.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று வாங்குற மீனையும் சிலர் கொண்டு வந்து ஏரியில் விட்டுடுறாங்க. உடம்பெல்லாம் ஓடு மாதிரி கெட்டியா, சொரசொரன்னு, வாய் அடியில் இருக்கும். வலையைக் கிழிக்கும், விலையும் போகாது. வலையில் வந்தா திரும்பத் தண்ணியில் போடாதீங்க, குழி தோண்டிப் புதைச்சுடுங்க.

கெளுத்தி, தேளி முள் குத்திட்டா, அதுவும் தேளி குத்து விஷக் குத்து, உயிர் போற வலி வரும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் குத்துபட்ட இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வச்சிருங்க, வலி அடங்கும். மஞ்சளைப் பூசிட்டு வேலையைப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டி, தேவைப்பட்டால் டி.டி. ஊசியும் போட்டுக்கணும்.

வீட்டுக்கும் ஒரு பங்கு

பிரிச்சு விற்கச் சொன்னேன், அதுக்காக எல்லாத்தையும் வித்துடாதீங்க. பொடி மீனைத் தலையோட, முள்ளோட சாப்பிடுறோம். பெரிய மீனில் முள்ளை எடுத்து எறிஞ்சுடுறோம். சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில்தான் இருக்கு. கண்ணிலும் தலையிலும் வைட்டமின் ஏ இருக்கு. மாசமா இருக்கிற பொண்ணுக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும், வளர்ற பிள்ளைக்கும் இதைவிடச் சுலபமான சத்து மருந்து கிடையாது. கெண்டையில் சதைக்குள்ளே பொடி முள் இருக்கும், அதனால கைக்குழந்தைக்கு விராலைக் கொடுங்க, பெரியவங்க கெண்டையை முறுகப் பொரிச்சுச் சாப்பிடுங்க. எங்க குழுவில் மீன் எடுக்கிற நாளில் உறுப்பினருக்கு அரைக் கிலோ பொடி என்று எழுதி வச்சிருக்கோம். அதையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறோம். யாருக்கும் யார் மேலயும் வருத்தம் வரக் கூடாதில்லையா.

இன்னொண்ணு, ஆம்பளைங்க பத்தி. கண்மாய் அழியுற அன்னைக்கு ஊர்ப் பெரியவங்க வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கிட்டு ஊரே இறங்குது. அது ஊர்த் திருவிழா, அன்னைக்கு யாரும் எடை போட மாட்டாங்க, போடவும் கூடாது. ஆனா குத்தகை மீன் எடுக்கிற நாளில் விலை பேசுறதை நாமே பேசணும். தராசு, நாலு கூடை, ஒரு நோட்டு. பிரிச்ச மீனை இனவாரியா நோட்டில் எழுதி, வியாபாரிகிட்டக் கையெழுத்து வாங்குங்க. ரெண்டு மூணு தடவை எழுதினாலே எந்தக் கண்மாயில் எந்த மாசம் எது அதிகம் விழுது என்று உங்களுக்கே தெரிஞ்சுடும். அடுத்த பசலிக்கு ஏலத்தில் எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று அந்த நோட்டே சொல்லும்.

காலையில் எடுத்த மீனை வராண்டாவில் ஒன்பது தட்டில் பிரிச்சு வச்சிருக்கேன். பேர் எழுதலை. குழுவுக்கு ரெண்டு பேரா வந்து தொட்டு, வாயைத் திறந்து, துடுப்பை விரிச்சுப் பார்த்து நீங்களே சொல்லுங்க. ஓரத்தில் மூடி வச்ச கறுப்பு வாளியில் மட்டும் யாரும் கை விட வேண்டாம். அது தேளி.